முதல் டீசல் எஞ்சினும் என் தேங்காயும்

புது வண்டி வாங்கினால் பூசை போட வேண்டும். சைக்கிளாக இருந்தாலும் சரி. இன்றைக்கும் நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பூசையை நான் மட்டும் போடக்கூடாது.

ஐம்பதுகளின் கடைசியில் தஞ்சோங் பகார் ரயில் ஷெட்டில் எஞ்சின் துடைத்துக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. எங்கள் மண்டோர் (மேஸ்திரிதான்) முத்தையா, தன் மகள் செல்லத்தை எனக்குக் கொடுப்பதாக இருந்தார். "வேலை நிரந்தரமாகட்டும் லா, மறுநாளே தட்டு மாத்திக்கலாம்" என்பார். ஷெட்டின் வெள்ளைக்காரத் துரை சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஷெட்டுக்கு முதல் டீசல் எஞ்சின் வந்தது. வயிற்றில் நெருப்பு எரியும் நீராவி எஞ்சின்தான் எங்களுக்குத் தெரியும். இது லாரிக்குத் தம்பி மாதிரி நின்றது. அன்று காலை முதல் ஓட்டம். ரிப்பன் உண்டு, மாலை உண்டு, பூசை மட்டும் கிடையாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, எலுமிச்சம்பழம்கூட வைக்காம எப்படி ஓடும்?"

"வாய மூடிக்கிட்டுத் தொடைடா. தொர வர்ற நேரம்."

அவர் தலை மறைந்ததும் முன்சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். தேங்காய்மேல் கற்பூரம் ஏற்றி எஞ்சின் முகத்துக்கு நேராகச் சுற்றினேன். (கற்பூரக் கட்டி கொஞ்சம் பெரிசு. எஞ்சினும் பெரிசு இல்லையா?)

பின்னால் பூட்ஸ் சத்தம். துரை! வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பக்கத்தில் மண்டோர்.

சட்டென்று திரும்பினேன். தேங்காய் ஒரு பக்கம் உருண்டது. கற்பூரம், நான் துடைத்துப் போட்ட எண்ணெய்த் துணிமேல் விழுந்து குப்பென்று பிடித்தது. மேலே டீசல் டாங்கி.

ஆளாளுக்கு ஓடினார்கள். நான் சுவரில் தொங்கிய தீயணைப்பு வாளியை எடுத்து வீசினேன். பெயர்தான் மணல் வாளி. வெற்றிலை போட்டு நாங்கள் எல்லாரும் துப்பியது அதில்தான். பாதி நெருப்பின்மேல் விழுந்தது, அணைந்தது. மீதி துரையின் கால்சட்டையில்.

துரைக்குத் தமிழ் தெரியாது. மண்டோரிடம் ஏதோ கேட்டார்.

"யாரு கொளுத்தினதுன்னு கேக்குறாரு" என்றார் மண்டோர். "செல்லத்த நெனச்சுக்கிட்டுப் பதில் சொல்லு."

எனக்கு அப்போதும் கோபம்தான். "நான்தான் கொளுத்தினேன். பூசை போடாத வண்டி வெளங்காதுன்னு சொல்லுங்க!"

மண்டோர் துரை பக்கம் திரும்பினார். பிறகு ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். எனக்குப் புரிந்தது 'பக்கெட்' மட்டும். துரை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். கால்சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

"வேலை போச்சா, மாமா?"

"நிரந்தரமாயிருச்சுடா, மடையா. வாளியெல்லாம் எச்சித் தொட்டியாக் கெடக்குன்னு காட்டத்தான் நீ கொளுத்தினதாச் சொன்னேன். இனிமே ஷெட்டுல இருக்குற அத்தனை வாளியும் ஒன் பொறுப்பு. கழுவு, போ!"

டீசல் எஞ்சின் ஒழுங்காகவே ஓடித் தொலைத்தது. (என் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறித்தான் போனது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.) ஓய்வு பெறும்வரை வாளி கழுவினேன். செல்லமும் எனக்கே வாய்த்தாள்.

போன மாதம் மகன் கார் வாங்கினான். ஃபேரர் பார்க் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே பூசை. நான் கற்பூரத்தைத் தொட்டதுதான் தாமதம், செல்லம் கத்தினாள்:

"வெள்ளக் கால்சட்டை போட்டவங்கல்லாம் தள்ளி நில்லுங்க!"