மெத்தை வீட்டில் பிறக்காத பேத்தி

பாரிவாக்கம்,
சுபானு வருஷம், வைகாசி மாதம்,
அக்னி நட்சத்திரம் இன்னும் விடாத ஒரு நாள்.

மகாராஜராஜஸ்ரீ பாடி கிராமம் சம்பந்தி மணவாள நாயகர் அவர்கள் சமூகத்துக்கு, பூந்தமல்லியில் குடியிருந்து தற்சமயம் பாரிவாக்கத்தில் இருக்கும் வீரராகவன் தலைவணங்கி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும், என் மனைவி வடிவும், என் மகளும் தங்கள் மருமகளுமாகிய தாட்சாயிணியும் தெய்வ கிருபையால் சுகம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளையும், கறவை மாடுகளும் சுகமாக இருக்கத் திருவேற்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். முதலில் நல்ல சமாசாரம். தங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார்கள். குழந்தைக்குத் தங்கள் மூக்கு. குரலும் தங்களுடையதுதான் என்று வடிவு சொல்கிறாள். அதை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

இனி மற்றச் சமாசாரம். குழந்தை மெத்தை வீட்டில் பிறக்கவில்லை.

தாங்கள் இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து உட்கார்ந்து மீதியையும் படிக்க வேண்டும். வளைகாப்பன்று தாங்கள் பந்தலில் அத்தனை பேர் முன்னால், "பாருங்க சம்பந்தி, எங்க வம்சத்துல தலைச்சன் கொழந்த மெத்தை ஊட்லதான் பொறக்கணும். கூரைக் கொட்டாயில பொறந்துச்சின்னு எவனாவது சொன்னான், அப்பால நமக்குள்ள பேச்சே வேணாம்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான், ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன், மைத்துனன் கோவிந்தனின் பாரிவாக்கத்துத் தோப்பில் நிம்மதியாக இருந்ததை விட்டுவிட்டு, பூந்தமல்லியில் லோகநாதன் என்பவருடைய மெத்தை வீட்டுக்குக் குடி போனேன். நல்ல வீடு. செங்கல் சுவர், தேக்குக் கதவு, மேலே தளம் போட்ட மெத்தை. மேற்குப் பார்த்த வாசல் என்று வடிவு முகத்தைச் சுளித்தாள். ஆனால் வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. தெருவில் பாதியையும் எங்கள் மெத்தை முழுவதையும் அது தன் கைக்குள் வைத்திருந்தது. கடைத்தெருவுக்குப் போய் மண்டை காய்ந்து திரும்பினால், அந்த நிழலுக்குள் காலை வைத்ததும் யாரோ ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மோர்க்காரி அங்கேதான் கடை பரப்புவாள். ஜட்கா வண்டிக்காரர் குதிரையை அவிழ்த்துவிட்டுச் சக்கரத்தில் சாய்ந்து தூங்குவார். தாட்சாயிணி ஜன்னலோரம் பாய் விரித்துப் படுத்தால் சாயந்திரம் காபிக்குத்தான் எழுந்திருப்பாள்.

அந்த மரத்தை லோகநாதன் வெட்டி விற்றுவிட்டார். ஆவடிப் பக்கம் யுத்தத்துக்காக ஷெட்டு ஷெட்டாகக் கட்டுகிறார்கள் அல்லவா, அதற்குச் செங்கல் வேண்டும், செங்கல்லுக்குச் சூளை வேண்டும், சூளைக்கு விறகு வேண்டும். எங்கேயோ ஜெர்மனியில் கிளம்பிய சண்டை கடல் தாண்டி வந்து பூந்தமல்லியில் எங்கள் வாசல் மரத்தை வெட்டும் என்று நான் சொப்பனத்திலும் நினைக்கவில்லை. காலையில் கோடாலியோடு ஆட்கள் வந்தார்கள், மத்தியானம் மரம் வண்டியில் ஏறிவிட்டது. நான் ஓடிப்போய் முறையிட்டேன். அவர் வாயெல்லாம் பல்லாக, "இன்னா சார் இப்டி சொல்ற? மரம் இருக்கசொல்ல ஊடு இருட்டா கெடந்துச்சி. இப்போ பாரு, வெளிச்சம் எப்டிக் கொட்டுது!" என்றார். கொட்டத்தான் செய்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் மெத்தை தன் வேலையைக் காட்டியது. மரம் இருந்த காலத்தில் அது வெயிலையே பார்த்ததில்லை, பாவம், புதுப் பழக்கம். பகலெல்லாம் குடித்த வெயிலை இருட்டியதும் எங்கள் தலைமேல் கக்க ஆரம்பித்தது. சுவரில் சாய்ந்தால் தோசைக்கல்லில் சாய்ந்த மாதிரி. தவலையில் மொண்டு வைத்த தண்ணீர் வெந்நீர். மறுநாள் மோர்க்காரியைக் காணோம். தெருவின் அந்தக் கோடியில் இரண்டு புளியமரங்கள் நிற்கின்றன. அவள் அங்கே போய்விட்டாள். பின்னாலேயே ஜட்கா போயிற்று, குதிரை போயிற்று, எதிர்வீட்டு நாயும் போயிற்று. ஒரே தெரு, சம்பந்தி! அந்தக் கோடியில் மார்கழி, இந்தக் கோடியில் அக்னி நட்சத்திரம். நானும் ஒரு சாக்குச் சொல்லி அங்கே போய் நிற்பேன். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். நான் ஆண்பிள்ளை, போய் நிற்கலாம். நிறைமாத கர்ப்பிணி எங்கே போய் நிற்பாள்?

சும்மா இருந்தேன் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி வாங்கி மாட்டித் தண்ணீர் தெளித்தேன். ஒரு பொழுது மணமாகக் காற்று வந்தது. அப்புறம் காற்றோடு ஒரு பெருமூச்சும் வந்தது. எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டுப் பசு தட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதிக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சரி, மெத்தையையே நனைப்போம் என்று கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து மேலே கொட்டினேன். கொட்டியது கொதித்து ஆவியாகி, ஏதோ விரிசல் வழியாகக் கொஞ்சம் உள்ளேயும் இறங்கி, வீடு இட்லிப் பானை ஆகிவிட்டது. "இன்னாங்க, பொண்ண அவிக்கப் போறீங்களா?" என்று வடிவு கீழேயிருந்து கத்தினாள். பிறகு தென்னங்கீற்று வாங்கி மெத்தைமேல் பந்தல் போட்டேன். அது ஒன்றுதான் பலன் கொடுத்தது, மேல்காற்று எழும்பும்வரை. எழும்பிய காற்று பந்தலை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வந்த பட்டாள லாரிமேல் போர்த்திவிட்டது. லாரியில் இருந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் முதலில் அலறினார்கள். பிறகு, ஆகாய விமானத்துக்குத் தெரியாமல் வண்டியை மறைக்க இது நல்லது என்று நினைத்தார்களோ என்னவோ, கையை ஆட்டிவிட்டு எங்கள் பந்தலோடு ஆவடிப் பக்கம் போய்விட்டார்கள். நானும் கையை ஆட்டினேன். வேறென்ன செய்வது?

இதெல்லாம் இப்போது எழுதும்போது சிரிப்பாக வருகிறது. அப்போது சிரிக்கவில்லை. தாட்சாயிணி தூக்கத்தை மறந்தாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஒரு மத்தியானம் வடிவு அடுக்களைக்கு என்னைக் கூப்பிட்டு, "காலையிலேர்ந்து வயித்துல கொழந்த அசையலன்றா" என்று சொல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய், கடைத்தெருவில் மருந்துக் கடை வைத்திருக்கும் கம்பவுண்டர் வரதனை இழுத்து வந்தேன்.

வரதன் ஜுரமானியை எடுத்துத் தாட்சாயிணியின் வாயில் வைத்தார். எடுத்துப் பார்த்தவர் முகம் வெளுத்தது. "நூத்தி அஞ்சு!" என்றார். வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சுவரைப் பிடித்தேன், சுட்டது, விட்டுவிட்டேன். தாட்சாயிணி மட்டும், "எனக்கு ஜுரம் இல்ல, புழுக்கம்" என்றாள். யார் கேட்டது? வரதன் அவசரமாக ஒரு மிக்ஸ்சர் கலந்து கொடுத்துவிட்டு, தொற்று ஜுரமாக இருக்கலாம் என்று வடிவுக்கும் வைத்துப் பார்த்தார். நூற்றைந்து. எனக்கு வைத்தார். நூற்றைந்து. கடைசியில் கலவரத்தோடு தன் வாயிலேயே வைத்துக்கொண்டார். நூற்றைந்து. "சார், நான் வர்றேன்" என்று உலகத்திடமே விடைபெறுகிறவர் மாதிரி சொல்லிப் படுக்கத் தயாராகிவிட்டார். வடிவுதான் எழுந்து அந்த ஜுரமானியை வாங்கி, நன்றாக உதறச் சொல்லி, கூடத்துத் தூணில் சாத்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் குனிந்து பார்த்தோம். தூணுக்கும் நூற்றைந்து.

"ஜுரம் நமக்கு இல்லீங்க," என்றாள் வடிவு. "ஊட்டுக்கு."

வரதன் அந்த வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து எடுப்பதற்குள்ளேயே பாதரசம் மேலே ஏறிவிட்டிருக்கிறது. ஏறினது உதறினால்தான் இறங்கும். பதற்றத்தில் அவர் உதறவேயில்லை. நாங்கள் இதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கும்போது தாட்சாயிணி சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"நைனா, நான் மாமா தோப்புக்குப் போறேன்."

"அது கூரைக் கொட்டாம்மா. சம்பந்தி இன்னா சொல்லுவாரு?"

"மெத்தை ஊட்லயே நான் செத்துப்போனா அவரு இன்னா சொல்லுவாரு?"

சம்பந்தி, அதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும். நான் கோவிந்தனுக்கு ஆள் அனுப்பினேன்.

அவன் கூண்டு வண்டியோடு வந்தான். வெயில் தாழட்டும் என்றால் தாட்சாயிணி கேட்கவில்லை. வழியில் எங்கெல்லாம் ஒரு மரம் நின்றதோ அங்கெல்லாம் மாடுகளும் நின்றன. வாலை முறுக்கினாலும் நகரவில்லை. "இன்னாடா இது, போவச் சொல்லு!" என்று நான் பறந்தேன். "மாமே, அதுங்களுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல. செத்த நேரம் நிக்கட்டும், நீயும் எறங்கி நில்லு" என்றான் அவன். மரமில்லாத வெட்டவெளி வந்ததும் அதே மாடுகள் பந்தயக் குதிரை மாதிரி ஓடின. நான் ஒரு கையால் மகளையும் ஒரு கையால் கூண்டையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஏரிக்கரை திரும்பித் தோப்புச் சந்துக்குள் வண்டி நுழைந்தது. அந்த இடத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. ஒரு அடி முன்னால் அனல், ஒரு அடி உள்ளே வேறு தேசம். மாவும் புங்கையும் மேலே கைகோத்து நின்றன. ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வந்த காற்று அதன் கீழே புகுந்து வந்தது. வழியெல்லாம் கண்ணை மூடிக்கிடந்த பெண் தலையைத் தூக்கி, "காத்து வருது நைனா" என்றாள். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, ஒதைக்குதும்மா!" என்றாள். வடிவு வண்டியிலேயே அழுதாள். கோவிந்தன் மாட்டைப் பார்த்துக்கொண்டே மூக்கைச் சிந்தினான்.

மாமரத்தின் கீழே கயிற்றுக் கட்டில் போட்டதும் படுத்தவள்தான். நான் அடிக்கடி போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். "தூங்குற பொண்ண எழுப்பி நான் தூங்குறேனான்னு கேக்கப் போறீங்களா?" என்று வடிவு விரட்டினாள். கம்பவுண்டர் வரதன், நல்ல மனிதர், நோயாளியை விடக் கூடாதென்று பின்னாலேயே சைக்கிளில் வந்துவிட்டார். ஜுரமானியை இப்போது மறக்காமல் உதறிவிட்டு வைத்துப் பார்த்தால் சாதாரணம். "பாத்தியா சார், என் மிக்ஸ்சர் கேட்டுடுச்சி!" என்றார். சொல்லிவிட்டு அடுத்த மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து, தாட்சாயிணிக்குப் போட்டியாகக் குறட்டை விட்டார்.

மறுநாள் காலை வலி கண்டது. மருத்துவச்சி நாகம்மாள் வந்தாள். கொட்டகைக் கதவைச் சாத்தினார்கள். நான் மாமரத்தைச் சுற்றினேன், எத்தனை சுற்று என்று கேட்காதீர்கள், அரசமரமாக இருந்தால் எனக்கே குழந்தை பிறந்திருக்கும். உள்ளே திடீரென்று சத்தமெல்லாம் அடங்கியது. வடிவின் குரலும் இல்லை, மகள் குரலும் இல்லை. இந்த முட்டாள் அவளை வண்டியில் குலுக்கிக்கொண்டு வந்தானே என்று என்னையே திட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிக்கொண்டேன். அப்போது பளீரென்று ஒரு அடி கேட்டது, உடனே ஒரு அலறல். மரத்திலிருந்த காக்கை அத்தனையும் எழும்பிப் பறந்தன. நாகம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, பெத்தவ சிரிச்சிகினு கீறா, நீ அழுதுகினு கீறே?" என்றாள். அழுதேன்தான். அதில் வெட்கமில்லை.

இவ்வளவுதான் நடந்தது. கூரைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாங்கள் நியாயமாகப் பார்த்தால், கூரைக்கு மேலே மாங்கிளை, அதற்கு மேலே புங்கங்கிளை, அதற்கும் மேலே பனைமட்டை. ஊரார் கேட்டால் மாடி வீடு என்றே சொல்லலாம். மாடியில் கிளிகள் குடியிருக்கின்றன என்பது ஒன்றுதான் வித்தியாசம். தாங்கள் பூந்தமல்லி வீட்டுக்குப் போக வேண்டாம், பூட்டியிருக்கிறது. கோபம் தணிந்த ஒரு நல்ல நாளில், ஒரு வரி முன்கூட்டி எழுதிவிட்டு இங்கே வந்து பேத்தியைப் பார்க்க வேண்டும். பேச்சே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், அவர் தகப்பனாரான சந்தோஷத்தில் வயலில் வரப்பை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளவும். தங்கள் குலமும் கொல்லையும் பச்சென்று இருக்கட்டும்.

இப்படிக்குத் தங்கள் பதிலுக்குப் பயந்திருக்கும்,
வீரராகவன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மை காய ஊதிக்கொண்டிருக்கும்போதே தோப்பு வாசலில் தாங்களே வந்து நின்றுவிட்டீர்கள்! பூந்தமல்லி வீட்டுக்குப் போய், பூட்டைப் பார்த்து, லோகநாதன் தங்களைப் பிடித்து, பூட்டைத் திறந்து உள்ளே உட்காரவைத்துத் தன் வீட்டு வெளிச்சத்தைக் காட்டி, நாங்கள் இங்கே இருப்பதையும் சொல்ல, அங்கிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறீர்கள். முகம் செங்கல் மாதிரி இருந்தது. நான் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். தாங்கள் கூரையைப் பார்த்தீர்கள், மரத்தைப் பார்த்தீர்கள், குழந்தையைப் பார்த்தீர்கள். பிறகு, "இன்னா சம்பந்தி, இப்டி ஒரு எடத்த வச்சிகினு, அந்த அடுப்புல ஏன் எம் மருமவள வச்சிகினு இருந்தீங்க? புத்தி கீதா?" என்று கேட்டீர்கள். மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்னி நட்சத்திரம் கழியும்வரை நகரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு மரத்தடியை இன்னும் விடாத வரதனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் படுத்து இப்போது தூங்குகிறீர்கள். ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. ஆனால் இந்த யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பது அருமை, எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. தங்களிடம் நேரில் படித்துக்காட்டத் தைரியமும் வரவில்லை. அதனால் பாடி விலாசத்துக்கே தபாலில் சேர்க்கிறேன். வீடு திரும்பியதும் படித்துக்கொள்ளவும். படித்துக் கோபம் வந்தால் அங்கே வைத்துக் கோபிக்க வேண்டாம், வெயில் காலம், உடம்புக்கு ஆகாது. இங்கே வந்து நிழலில் உட்கார்ந்து கோபித்துக்கொள்ளலாம்.