கரண்ட் போனபோது வந்த டீ

மைசூரு,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் கிரிஸ் அவர்களுக்கு, கொர்னேலியஸ் வணக்கத்தோடு எழுதுவது. மாதா கிருபையால் கொள்ளேகாலில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம் என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை.

உங்கள் தங்கை ஜெசிந்தா பெட்டியோடு அங்கே வந்த காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டாள். நானே சொல்கிறேன். போன மாதம் பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "பூமியைச் சூடாக்குற பாவத்துல இனி எங்க வீட்டுக்குப் பங்கில்ல, கேஸ் கனெக்‌ஷனையே திருப்பிக் குடுத்துட்டோம்" என்று அறிவித்தேன். கோயிலே கைதட்டியது. ஆனால் மச்சான், இந்த இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதே, அது காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தை மட்டும்தான் மதிக்கும், நானும் ஃப்ரிட்ஜில் இருந்த அந்தோனியார் காந்தத்தை எடுத்து நீங்கள் சீராகக் கொடுத்த பாத்திரங்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன், அந்தோனியார் எதிலும் நிற்காமல் கீழே விழுந்து அவருக்கு ஒரு கை போனதுதான் மிச்சம், அடுப்பையும் கீஸரையும் சேர்த்துப் போட்டால் வீடே இருட்டு, இப்படிப் பாதி வெந்த சோற்றைத் தின்றுகொண்டு ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையைப் பார்க்க ஃபாதர் ஒரு கூட்டத்தோடு வந்தார். வந்து உட்கார்ந்ததுமே கரண்ட் போச்சு. நான் வேர்த்துப்போய்ப் பேசிக்கிட்டே இருக்கேன், ஜெசிந்தா எல்லாருக்கும் ஆவி பறக்க டீ கொண்டு வர்றா. பக்கத்து வீட்டு மேக்ஸ்வெல் சும்மா இருப்பானா? "ஏன் அங்கிள், கரண்டே இல்ல, டீ மட்டும் பிசி பிசியா சுடுதே, எப்படி?"ன்னு கன்னடம் கலந்து கேட்டுக்கிட்டே போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துட்டான். அரிசி மூட்டைக்குப் பின்னால குட்டி சிலிண்டர்! என் மானமே போச்சு. "ஐயையோ ஜெசிந்தா, என் தலையில கல்லைப் போட்டுட்டியே!"ன்னு கத்திட்டேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா ஃபாதர், தப்பு என்னோடதுதான்" என்றாள். கூட்டம் கலைந்ததும் பெட்டியை எடுத்தாள்.

புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டி சிலிண்டர் வைத்தால் அவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? இருந்தாலும் மன்னித்துவிட்டேன். அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை புத்தி சொல்லி பஸ் ஏற்றி அனுப்புங்கள். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசீர்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை,
கொர்னேலியஸ்

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், முடியவில்லை. மச்சான், அந்தச் சிலிண்டர் என்னுடையது. காலைக் காப்பிக்கு கரண்டை எதிர்பார்த்து உட்கார முடியாமல் நான்தான் வாங்கி ஒளித்துவைத்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அன்றைக்கு வந்தவர்கள் முன்னால் என் மானம் போகக்கூடாது என்றுதான் அதைப் பற்றவைத்தாள். இதை நீங்கள் மனதுக்குள் படிக்காமல் அவள் காதில் விழும்படி படியுங்கள். வரும் ஞாயிறு பூசையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் நானே வருகிறேன். அதுவரை அவளை அனுப்பாதீர்கள். நான் கூப்பிட்டால் உடனே வந்துவிடுவாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.