நாய்க்கு முன்னால் பத்துக்குப் பத்து

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் இன்று காலை இங்கே ஒரு படிவத்தை நிரப்பியதிலிருந்து, நான் நலமா இல்லையா என்பதே எனக்கு விளங்கவில்லை. நீங்களும் அக்காவும், உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவியும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஃபோனில் சொன்னால் நீங்கள் நடுநடுவே சிரிப்பீர்கள் என்பதால் கடிதம்.

போன வாரம் என் மகள் தன் அம்மாவுக்கு ஃபோன் செய்து, "வெள்ளிக்கிழமை பரீட்சை என்னால எழுத முடியாதும்மா, வீட்டுக்கே வந்துடறேன்" என்று அழுததும், அவளைக் கையோடு கூட்டி வரச் சொல்லி அண்ணனும் தங்கையுமாக என்னை ரயிலேற்றியதும் தெரிந்த விஷயம். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனின் பெண் கடைசிப் பரீட்சையை எழுதாமல் திரும்பினால் நான் தெருவில் எப்படி நடப்பேன் என்று கேட்டதற்கு, "நடக்காதீங்க, ஆட்டோல போங்க" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. போகட்டும். இன்று திங்கட்கிழமை காலை பல்கலைக்கழக விடுதி வாசலில் இறங்கி மகளைக் கேட்டால், காவலாளி சாவகாசமாக, "நாய்கிட்ட போயிருக்கும் சார், லைப்ரரி மாடி" என்கிறார். நாய் கடித்து ஊசி போடப் போயிருக்கிறாள் என்று பெட்டியோடு மூன்று மாடி ஏறினேன். அங்கே பதினெட்டுப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் டோக்கனோடு வரிசையில் நிற்கிறார்கள், என் மகளை மட்டும் காணோம். உள்ளே கம்பளத்தின் மேல் பழுப்பு நிற நாய் ஒன்று, கழுத்தில் தன் போட்டோ ஒட்டிய அடையாள அட்டையுடன், மல்லாந்து படுத்திருக்கிறது.

"எத்தனை ஊசி போடறாங்க தம்பி?" என்று முன்னால் நின்றவனைக் கேட்டேன். "ஊசி இல்ல அங்கிள். பரீட்சை டென்ஷன் போறதுக்கு வயித்தைத் தடவிக் கொடுக்கணும்" என்றான். யார் வயிற்றை யார் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், மேஜையில் இருந்த ஆலோசகர் அம்மாள், சின்ன வயசுதான், என் கையிலும் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டார். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் நிரப்ப வேண்டுமாம். இப்போதைய மன அழுத்தம், ஒன்று முதல் பத்துக்குள் வட்டமிடவும் என்று இருந்தது. மச்சான், எண் என்று வந்துவிட்டால் குறைவாக எடுத்துப் பழக்கமில்லாத குடும்பம் நம்முடையது. பத்தை வட்டமிட்டேன். சிவப்பு மையில். அடியில் கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டேன். அந்த அம்மாள் முகம் வெளிறிப்போய், "சார், மெதுவா உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? வீட்டுல யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று பதறி, வரிசையை அப்படியே நிறுத்திவிட்டு என்னை முதல் ஆளாக உள்ளே அனுப்பினார். முதல் மதிப்பெண்ணுக்கு இன்னும் மரியாதை இருக்கிறதே என்று நானும் நிமிர்ந்து நடந்தேன்.

நாய் எழுந்து வந்து என் மடியில் தலையை வைத்தது. நல்ல கனம். அதைக் கூட்டி வந்திருந்த ரிட்டயர்டு நர்ஸ், "ஏதாவது பேசுங்க சார், அது யார்கிட்டயும் சொல்லாது" என்றார். எனக்குத் தெரிந்தது என் மகள் கதைதானே? ஆறாம் வகுப்பிலிருந்து அவள் வாங்கிய மதிப்பெண்களை வரிசையாகச் சொன்னேன். எட்டாம் வகுப்பு அரையாண்டுக்கு வருவதற்குள் நாய் கொட்டாவி விட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் மகள். கையில் அவளுடைய படிவம். அதில் ஏழு வட்டமிட்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏழுதானா? மீதி மூணு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்பா, இதுல கம்மியா வாங்கினாதாம்ப்பா நல்லது. போன வாரம் ஒன்பது. இன்னிக்குக் காலையிலதான் ஏழாச்சு. உங்களைப் பார்த்ததும் மறுபடி எட்டு" என்றாள். நாய் என்னை விட்டுவிட்டு அவளிடம் போய்விட்டது. நான் அதற்குச் செய்த குற்றம் என்ன என்று புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பத்து போட்டீங்களாமே, உங்களுக்கு என்னப்பா?" என்று கேட்டாள். தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவள் ஃபோனில் அழுத நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை மச்சான், உங்கள் தங்கைக்கும் சொல்லவில்லை. தப்பாகப் போட்ட கணக்குக்கு விடை மட்டும் சரியாக வந்திருக்கிறது.

ஆகவே முடிவு இதுதான். மனிதர்களுக்கு நாய் வைத்தியம் பார்க்கிற இடத்தில் படித்தது போதும். ஞாயிற்றுக்கிழமைதான் டிக்கெட் கிடைத்தது. இருவரும் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வந்துவிடவும். வெள்ளிக்கிழமைப் பரீட்சையை யாரும் இனிமேல் பேச வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்கள் தங்கைக்கு என் சார்பில் நீங்களே ஏதாவது சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
என்றும் உங்களுக்கு அடங்கிய,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: வெள்ளி மாலை. கடிதம் நான்கு நாளாகச் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. மேலே எழுதிய முடிவை நம்ப வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன், ஸ்டேஷனுக்கும் வர வேண்டாம். இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராவிட்டாலும் வர வேண்டாம். இன்று காலை அவளாகவே எழுந்து, குளித்து, பரீட்சைக்குப் போனாள். மூன்று மணி நேரமும் வாசலில் நின்றேன். வெளியே வந்தவளைப் பார்த்ததும் அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. "பசிக்குதாம்மா?" என்றேன். வேறு யாரோ ஒருத்தருடைய அப்பாவைப் பார்ப்பது போல ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுதி வரும்வரை விடவில்லை. எப்படி எழுதினாள் என்று நீங்களும் கேட்காதீர்கள், உங்கள் தங்கையையும் கேட்க விடாதீர்கள். எனக்கே தெரியாது மச்சான். தெரியாமல் இருப்பது எப்படி என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.