கட்டைப்பேனா சார் எடுத்த நகல்

அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் யார் அழகாக எழுதினாலும் அதற்கு எங்கள் கட்டைப்பேனா சார்தான் காரணம். யாராவது கோணலாக எழுதினால், அவர் இன்னும் சார் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்!

ஐம்பதுகளின் கடைசியில் அவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், நான் குமாஸ்தா. மையில் தொட்டு எழுதும் கட்டைப்பேனா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சொந்தப் பெயரை எல்லாரும் மறந்தே போனோம். தினமும் முதல் மணி அடித்ததும் பள்ளி முழுக்க அரை மணி நேரம் காப்பி நோட்டு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது மனிதர் சும்மா இருப்பாரா? சைக்கிள் ஹேண்டில்பாரில் மைப்புட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு சித்தையன்கோட்டை, வேடசந்தூர் என்று ஊர் ஊராகப் போய், அங்குள்ள பிள்ளைகளையும் உட்கார்த்தி எழுத வைப்பார்.

என் கல்யாணத்துக்கு நான் எழுதிய லீவு லெட்டரையே மறித்துவிட்டார். அது ஹெட்மாஸ்டர் மேஜைக்குப் போகும் வழியில் அவர் கண்ணில் பட்டதுதான் வினை.

"இது கல்யாணத்துக்குப் போற ஆளு எழுத்தாய்யா? கருமாதிக்குப் போறவன் எழுதினாப்ல இருக்கு. திருப்பி எழுது அப்பு."

மூன்று தடவை எழுதினேன். அதற்குள் பஸ் போயே போய்விட்டது. மாப்பிள்ளையாகிய நான் முகூர்த்தத்துக்கு லாரியில் போய் இறங்கினேன்.

அப்பேர்ப்பட்டவரின் வேலைக்கே ஒருநாள் ஆபத்து வந்தது. அது தற்காலிக வேலை. பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் எழுதும் குறிப்பைப் பார்த்துத்தான் தாளாளர் நிரந்தரம் செய்வார். இன்ஸ்பெக்டர் வந்தார், ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தார், சிரித்துக்கொண்டே போனார். எழுத்தா அது! கோழி கிளறின குப்பை. ஹெட்மாஸ்டருக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. சிரித்துக்கொண்டு போனவர் நல்லதாகத்தான் எழுதியிருப்பார் என்று முடிவு கட்டி, சாரையே அழகாக நகல் எடுக்கச் சொல்லிவிட்டார். தாளாளருக்கு அனுப்புகிற வேலை என் தலையில்.

எப்பேர்ப்பட்ட கிறுக்கலையும் படித்துவிடும் ஒரே ஆள் சார்தான். மாலையில் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். அடடா, முத்து முத்தாக! கடைசி வரிக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். 'ஓவிய ஆசிரியர் இப்பள்ளிக்குத் தேவையில்லை. உடனே நீக்கிவிடலாம்.'

"சார், உங்களத் தவிர இதப் படிக்க ஊருல ஆளே இல்ல. அந்த வரிய விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"எழுத்துதான் அப்பு நம்மது. சேதி அவருது" என்றார். உடனே முகமெல்லாம் மலர, "அத விடு. அந்த 'ஓ'வோட சுழியப் பாத்தியா? இம்புட்டு நல்லா எனக்கு வந்ததே இல்ல."

இந்த மனுஷனை என்ன செய்வது? அவர் போனதும் நகலை என் பைக்குள் ஒளித்துவிட்டு, இன்ஸ்பெக்டரின் கிறுக்கலையே கவரில் போட்டு ஒட்டி அனுப்பினேன். தாளாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாராம். கடைசியில் ஹெட்மாஸ்டரைக் கேட்க, அவரும் இன்ஸ்பெக்டர் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார் என்று அடித்துச் சொல்ல, வேலை நிரந்தரமாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஆபீஸிலும் அதைப் படிக்க ஆளில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு கேள்வியும் வரவில்லை.

வேலை எப்படித் தப்பியது என்று சார் யோசிக்கக்கூட இல்லை. தன் எழுத்தைப் பற்றித் தாளாளர் ஒன்றும் சொல்லவில்லையா என்றுதான் வாரக்கணக்கில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். மெச்சி மாளவில்லை என்று கூசாமல் புளுகினேன். உத்தியோகத்தில் நான் செய்த ஒரே திருட்டுத்தனம் அந்த நகலை ஒளித்ததுதான். அவர் இல்லாத பள்ளிக்கூடத்தில் என்னால் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க முடிந்திருக்காது.