சம்பந்திக்குப் பக்கத்துக் கட்டில்

விடுதி அறையின் கதவைத் தள்ளியதும் சின்னுசாமி முதலில் பார்த்தது, ஜன்னலோரக் கட்டிலில் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்த ஒரு முதுகை. முதுகு திரும்பியது. அது அவருடைய சம்பந்தி ராசப்பன்.

இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். ராசப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சின்னுசாமி பையை வாசலிலேயே வைத்துவிட்டு, கதவில் ஒட்டியிருந்த இரண்டு பெயர்களையும் இன்னொரு முறை படித்தார். தப்பு ஒன்றும் இல்லை. பத்து நாளும் இந்த அறையில்தான்.

சேலத்துப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மூத்தோருக்கென்று கோடை வகுப்பு நடத்தினார்கள். மாணவர்கள் விடுமுறைக்குப் போன விடுதியில் தங்கிக்கொண்டு, காலையில் உடல்நலம், மதியம் கைப்பேசி, மாலையில் வானியல் என்று எதையாவது கற்றுக்கொள்ளலாம். போர்வெல் வண்டியோடு ஆந்திராவுக்கும் சத்தீஸ்கருக்கும் அலைந்து வயதைக் கழித்த சின்னுசாமிக்குக் கல்லூரி பெஞ்சில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் இருந்தது. மனைவி ஆத்தாயிக்கும் அவர் போவதில் ஆட்சேபம் இல்லை. வண்டியை விற்றதிலிருந்து அவர் சமையல்கட்டில் நின்று தாளிப்பை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

ராசப்பனும் இதே வகுப்புக்கு வருவார் என்று யார் கண்டார்கள்?

மகன் மோகன்குமாருக்கு ராசப்பனின் மகள் தனப்பிரியாவைக் கட்டிவைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இருவருக்கும் பெங்களூரில் வேலை. தலைதீபாவளிக்குப் பெண் வீட்டுக்குப் போனார்கள். அது முறை. அடுத்து வந்த பொங்கலுக்கும் மாமனார் கூப்பிடுகிறார் என்றான் மகன். அதற்கடுத்த தீபாவளிக்கும் அதையே சொன்னான். பண்டிகையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். பேத்தி கிருத்திகா பிறந்ததிலிருந்து ஒரு பொங்கலுக்குக்கூடச் சின்னுசாமியின் மல்லசமுத்திரத்து வீட்டு வாசலில் பானை பொங்கியதைப் பார்த்ததில்லை.

பிள்ளைகளை வளைத்துப் போட்டுக்கொண்ட மனிதரிடம் போய், எங்கள் வீட்டுக்கும் அனுப்புங்கள் என்று கேட்பதா? சின்னுசாமி கேட்கவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார். ராசப்பனும் அதே வேகத்தில் நிறுத்தியதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். செய்வதையும் செய்துவிட்டு வீம்பு வேறு.

அவர் நேராக வகுப்பு ஒருங்கிணைப்பாளர் இலக்கியாவிடம் போனார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. இந்தக் கோடை வகுப்பு அவளுடைய யோசனை. நல்லபடி முடிந்தால்தான் அடுத்த வருடம் அனுமதி என்று மேலே சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் எல்லோரிடமும் அளவுக்கு மீறிய அக்கறையோடு பேசினாள்.

சம்பந்தியோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஊரறியச் சொல்ல முடியுமா? முன்பின் தெரியாத ஆளோடு தங்கத் தமக்குக் கூச்சம் என்று சின்னுசாமி சொன்னார்.

இலக்கியாவின் முகம் மலர்ந்தது. புதிய மனிதர்களோடு பழக வைப்பதுதான் இந்த வகுப்பின் நோக்கமே என்றாள். அறையை மாற்றவில்லை. அன்று மாலை ஒவ்வொருவரும் தம்முடைய அறைத்தோழரைப் பற்றி மேடையில் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டாள்.

மேடையில் முதல் ஜோடியாக அவர்களைத்தான் அழைத்தாள். சின்னுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவரு பேரு ராசப்பனுங்க. புதுச்சத்திரத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்காரு. ஒரே பொண்ணு. நல்ல எடத்துல குடுத்திருக்காரு. அந்த எடத்துக்காரங்க நெம்பப் பொறுமைசாலிங்கன்னு கேள்விங்க."

ராசப்பன் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். முகத்தில் சலனம் இல்லை.

"இவரு சின்னுசாமிங்க. மல்லசமுத்திரம். ஒரே பையன். குடுத்து வெச்ச மனுசன்னு தோணுதுங்க."

கூட்டம் கைதட்டியது. குத்திக்காட்டுகிறார் என்று சின்னுசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது அத்தனை பேருக்கும் முன்னால் இருவரும் புதிதாக அறிமுகமானவர்கள். கேட்டுக்கொள்ளாமலேயே ராசப்பனும் அந்தப் பொய்க்குள் வந்துவிட்டிருந்தார்.

அந்த இரவு கழிந்ததும் சின்னுசாமி மறுபடி இலக்கியாவிடம் போனார். இம்முறை பழியைத் தம் மேலேயே போட்டுக்கொண்டார். தமக்குக் குறட்டை அதிகம், பக்கத்துக் கட்டில்காரர் பாவம், அவரை வேறு அறைக்கு மாற்றி நிம்மதியாகத் தூங்க விடுங்கள் என்றார்.

இலக்கியா நெகிழ்ந்துபோனாள். அன்றைய உடல்நல வகுப்புக்கு வந்திருந்த மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னாள். மருத்துவருக்கு அன்றைய தலைப்பே முதுமையில் தூக்கம். சின்னுசாமியை முன்னால் அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு, சாட்சி சொல்ல ராசப்பனையும் எழுப்பினார். குறட்டை எப்படி இருந்தது, விட்டுவிட்டு வந்ததா, தொடர்ந்து வந்ததா என்று கேட்டார்.

"கொறட்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றார் ராசப்பன். "தூங்குனாத்தானுங்களே கொறட்டை வரும்."

வேறு என்னதான் செய்தார் என்று மருத்துவர் கேட்டார்.

"எந்திரிச்சு உக்காந்துக்கறாருங்க. போன்ல ஒரு கொழந்தை படத்தைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்கறாரு."

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்பது மருத்துவரின் அடுத்த கேள்வி.

"நானும் முழிச்சுட்டுத்தான் கெடந்தனுங்க."

வகுப்பே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர்தான். மருத்துவர் இருவருக்கும் ஒரே மருந்து எழுதினார்: விடியற்காலையில் நடை, சேர்ந்து நடந்தால் இன்னும் நல்லது. மறுநாளிலிருந்து இருவரும் பல்கலைக்கழகத்துத் தார்ச்சாலையில் நடந்தார்கள், ஆளுக்கொரு ஓரமாக. இலக்கியா தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக் கையசைத்தபோது மட்டும் நடுவில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இப்படியே ஒன்றும் பேசாமல் காலத்தை ஓட்டிவிடலாம் என்று சின்னுசாமி முடிவு செய்த அன்றைக்குத்தான் கைப்பேசி வகுப்பில் வீடியோ அழைப்புப் பாடம் வந்தது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு முகம் பார்த்துப் பேசிப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆகையால் எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள் என்றாள் இலக்கியா.

சின்னுசாமி தம் கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்றார். இலக்கியா வாங்கிப் பார்த்தாள், இருந்தது. கூச்சப்படுகிறார் என்று நினைத்து, மோகன்குமார் பெயரைத் தேடித் தானே அழைத்து, பெரிய திரையோடும் இணைத்துவிட்டாள். இடப் பாதியில் மோகன்குமார் பனியனோடு தோன்றினான். அவள் அதே உற்சாகத்தில் ராசப்பனின் கைப்பேசியையும் வாங்கி அழைத்து இணைத்தாள். வலப் பாதியில் தனப்பிரியா தோன்றினாள்.

இரண்டு பேருக்குப் பின்னாலும் ஒரே பச்சைத் திரைச்சீலை தொங்கியது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. இடப் பக்கம் அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்த கிருத்திகா, "தாத்தா" என்று கையாட்டினாள். பிறகு அம்மாவின் பேச்சுக்குரல் கேட்டு அங்கிருந்து இறங்கி ஓடினாள். திரையின் இடப் பாதியிலிருந்து மறைந்த குழந்தை வலப் பாதியில் வந்து அம்மாவின் மடியில் ஏறி, "தாத்தா" என்று மறுபடி கையாட்டியது.

வகுப்பில் எல்லோரும் திரையை விட்டுச் சின்னுசாமியையும் ராசப்பனையும் பார்த்தார்கள். பெங்களூரில் இருந்த இருவரும்கூட எதையோ புரிந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி இரண்டு அழைப்புகளும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டன.

இலக்கியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. முகம் வாடிப்போயிற்று. தெரியாதவர் என்று ஏன் சொன்னீர்கள் ஐயா என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். அத்தனை பேருக்கும் முன்னால், மகள் வயதுகூட ஆகாத ஒரு பெண்ணிடம் பொய் சொல்லிப் பிடிபட்டது சின்னுசாமிக்கு வெட்கமாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டார்.

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. ராசப்பன் எழுந்து நின்றார்.

"அவரு மேல தப்பில்லீங்க, அம்மிணி. அவரு கதவைத் தொறந்ததும் நாந்தானுங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். மூஞ்சியைத் திருப்புனவனை எப்படிங்க சொந்தம்னு சொல்லுவாரு?"

சின்னுசாமி நிமிர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பியது ராசப்பன்தான் என்பது உண்மை. ஆனால் அவர் திருப்பாமல் இருந்திருந்தால் தாம் திருப்பியிருப்போம் என்பதும் உண்மை. அது சின்னுசாமிக்கு மட்டுமே தெரியும்.

வகுப்பு முடிந்ததும் இருவரும் யார் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாதபடி கேன்டீனுக்கு நடந்தார்கள். ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேச்சு நின்றுபோன பிறகு ராசப்பனின் மனைவி இறந்தபோது சின்னுசாமி போயிருந்தார். கூட்டத்தோடு நின்று, கூட்டத்தோடு திரும்பியிருந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தது அன்றிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. அதை இப்போது சொன்னார். நீங்கள் வந்ததைப் பார்த்தேன் என்றார் ராசப்பன். அந்தப் பெரிய வீட்டில் இப்போது தாம் ஒருவர்தான் என்றும், பண்ணையில் கோழிகளின் சத்தம் இருக்கும்வரை தெரிவதில்லை, வீட்டுக்குள் வந்தால்தான் தெரிகிறது என்றும் சொன்னார்.

நல்ல நாளும் பெரிய நாளும் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு இத்தனை தனிமையா என்று சின்னுசாமிக்குத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. வந்தவர்கள் போன பிறகு வரும் வெறுமை இன்னும் கொடியதாக இருக்கும்போல என்று தாமே சமாதானம் செய்துகொண்டார்.

"பழசு எதையும் கெளற வேண்டாமுங்க சம்பந்தி," என்றார் ராசப்பன்.

"கெளறலீங்க," என்றார் சின்னுசாமி.

பிறகு ராசப்பனே ஒரு வழி சொன்னார். பொங்கல் உங்கள் வீட்டில், தீபாவளி எங்கள் வீட்டில். இரண்டுக்கும் எல்லோருமாகச் சேர்ந்து இருப்போம் என்றார். பொங்கலை இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கிறாரே என்று சின்னுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ராசப்பனும் எதற்கோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று மாலையே மோகன்குமார் அழைத்தான். அவன் குரலில் இருந்த பதற்றத்தைச் சின்னுசாமி அதுவரை கேட்டதில்லை.

"அப்பா, அவருகிட்ட நீங்க ஒண்ணும் பேச்சுக் குடுக்க வேண்டாமுங்க. லீவு போட்டுட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அப்பாவின் மானத்தைக் காக்க மகன் வேலையை விட்டுவிட்டு ஓடிவருகிறான் என்று சின்னுசாமியின் நெஞ்சு நிறைந்தது. பக்கத்துக் கட்டிலில் ராசப்பனும் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். அவளும் அதையேதான் சொல்கிறாள் என்று சொல்லிச் சிரித்தார். பயப்பட ஒன்றும் இல்லை, நாங்கள் ராசியாகிவிட்டோம் என்று இருவரும் ஒரே குரலில் தெரிவித்தார்கள். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. மகிழ்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அந்த அறையில் இரண்டு பேரும் தூங்கினார்கள். சின்னுசாமிக்கு உண்மையிலேயே குறட்டை வந்தது என்று மறுநாள் ராசப்பன் வகுப்பில் அறிவித்தார்.

நிறைவு நாளன்று குடும்பத்தாருக்கும் விருந்து. மோகன்குமார், தனப்பிரியா, கிருத்திகா மூவரும் வழக்கமாக அமர்த்தும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். இலக்கியா சான்றிதழ்களைக் கொடுத்தபோது, உறவைப் புதுப்பித்த வகுப்பு இது என்று மேலதிகாரியிடம் பெருமையாகச் சொன்னாள். அடுத்த வருடத்துக்கு அனுமதி உண்டு என்று அவர் தலையசைத்தார். ஆத்தாயி வீட்டிலிருந்து கச்சாயப் பலகாரம் சுட்டு எடுத்துவந்திருந்தாள்.

பிள்ளைகள் முகம் மட்டும் தெளியவில்லை. வந்ததிலிருந்து மோகன்குமார் இரண்டு அப்பாக்களுக்கும் நடுவிலேயே நின்றான். இருவரும் பேச வாயெடுத்தால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். போக்குவரத்து அதிகமாகிவிடும், கிளம்பலாம் என்று தனப்பிரியா இலை போடும்போதே ஆரம்பித்தாள். இத்தனை காலம் நம்மைப் பிரித்தே பார்த்த பிள்ளைகள், பழக நாளாகும் என்று சின்னுசாமி ராசப்பனிடம் சொன்னார்.

பந்தியில் எதிர் இலையில் கார் ஓட்டிவந்த குமரன் உட்கார்ந்திருந்தான். குமாரபாளையத்துக்காரன். பெங்களூரில் சொந்தமாக வண்டி வைத்திருந்தான். பாயசம் ஊற்ற வந்த வாளியைச் சின்னுசாமி தாமே வாங்கி, அவன் இலையில் தாராளமாக ஊற்றினார்.

"தம்பி, வர்ற பொங்கலுக்கு வண்டியை மல்லசமுத்திரத்துக்கு விடோணுங்க. பழக்கதோசத்துல புதுச்சத்திரத்துக்குத் திருப்பிறாதீங்க."

ராசப்பன் சிரித்தார்.

"மாத்திச் சொல்றீங்க சம்பந்தி. பழக்கம் அவருக்கு மல்லசமுத்திரந்தானுங்களே."

சின்னுசாமி வாளியோடு நின்றார். ராசப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. மோகன்குமார் இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தான்.

குமரன் பாயசத்தை வழித்துக்கொண்டே, இரண்டு பெரியவர்களையும் மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தான்.

"ரெண்டு ஊருக்கும் எனக்கு வழி தெரியாதுங்கய்யா. வருசா வருசம் பொங்கலுக்கு மூணாறு, தீபாவளிக்குக் கொடைக்கானல், அவ்வளவுதானுங்க."