கோச்சுக்கு நான் கொடுத்த வாக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணி ஒன்று தோற்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்தவள் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். நட்சத்திரம் தெரியாது என்று அந்த அணியின் கோச்சுடைய பெயரை மட்டும் சொன்னேன். அந்தக் கிழமை அணி அமோகமாக வென்றது. யார் பெயரில் அர்ச்சனை செய்கிறோமோ அவருக்குத்தான் பலன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. (நான் எப்பவும் பிந்தி உறைக்கிற ஆள். இந்தக் கதையே அதுதான்.)

அந்த விளையாட்டு விளங்கவே எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. பெயர் கால்பந்து. ஆனால் பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளுக்கு மேல் ஆள் விழுகிறார்கள். காலால் உதைக்க வேண்டிய நேரம் வந்தால் மட்டும், உடுப்பில் ஊத்தை படாத ஒருவனை வெளியிலிருந்து கூப்பிடுகிறார்கள். அந்த ஒருவனாகத்தான் என் மகன் பிரணவன் போக இருந்தான்.

பிரணவன் இங்கே பள்ளிக்கூட ரக்பி அணியில் கோலுக்கு உதைப்பவன். கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டு வேலிக்கு மேலால் அவன் உதைத்த பந்துகளுக்காக நான் நாலு அயல்வீடுகளுக்கு வடை கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அப்படி உதைக்கிற பெடியன்களை அமெரிக்கக் கல்லூரிகள் இங்கே வந்து தேடுகின்றன என்றும், எடுபட்டால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம் என்றும் கேள்விப்பட்டோம். அவன் உதைத்த காணொளிகளை அனுப்பினான். ஒரு பெரிய கல்லூரியின் கோச்சே வீடியோவில் கதைக்க வந்தார்.

சனிக்கிழமைக் காலை. நான் காஞ்சிபுரம் சேலை கட்டி, பின்னால் குத்துவிளக்கு ஏற்றி இருந்தேன். கோச்சுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பல்லெல்லாம் வரிசை. பிரணவனுடைய கால் கடவுள் தந்த வரம் என்றார். ஜனவரியில் இடம் தயார் என்றார். "இனி நீங்கள் எங்கள் குடும்பம்" என்றார்.

"ஓம் தம்பி, எங்களுக்கு முழுச் சம்மதம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

என் கணவர் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்பவர். பிஸ்கட் பெட்டியில்கூடச் சின்ன எழுத்தை வாசிக்கிற மனிசன். "இடம் தந்ததுக்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் எப்ப வரும்?" என்று கேட்டார். மேசைக்குக் கீழே அவருடைய காலில் ஒரு உதை விட்டேன். (அந்த வீட்டில் அன்றைக்கு நன்றாக உதைத்தது நான்தான்.) கெதியில் வரும், கெதியில் வரும் என்றார் கோச்.

எங்கள் குடும்பத்தில் வாக்கு என்றால் வாக்கு. கல்யாணப் பேச்சில் ஒரு இடத்தில் சம்மதம் சொல்லிவிட்டால், அடுத்த நாள் வேறு சாதகத்தோடு வரும் தரகருக்குத் தேத்தண்ணிகூடக் கிடையாது. அமெரிக்கக் கல்லூரிக்கும் இதுதான் முறை என்று நான் எப்படி நினைத்தேன் என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

அதனால்தான் நவம்பரில் இரண்டாவது கல்லூரி வந்தபோது நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சின்னக் கல்லூரி, ஊரின் பெயர் வாயில் நுழையாது. அங்கே ஒரு வயதான கோச். அவர் "குடும்பம்" என்றெல்லாம் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட கடிதம் அனுப்பியிருந்தார், நாலு வருஷமும் முழுச் செலவும் அவர்களுடையது என்று.

"அம்மா, இரண்டையும் வைத்திருப்போம்" என்றான் பிரணவன். (அவன் பேசுவதெல்லாம் ஆங்கிலம். நான்தான் தமிழாக்குகிறேன்.)

"ஒரு இடத்தில ஓம் எண்டு சொல்லிப்போட்டு இன்னொரு இடத்துக்குத் தலையாட்டுறதோ? எங்கட பரம்பரையில அந்தப் பழக்கம் இல்லை."

நான் சொல்லச் சொல்ல அவன் மறுப்புக் கடிதத்தைத் தட்டெழுதினான். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தான். "அமத்து" என்றேன். வயதான கோச் உடனே பதில் போட்டார்: நல்லா இரு தம்பி, ஆனால் அவர்களிடமிருந்து கடிதத்தை முதலில் கையில் வாங்கு. பொறாமை பிடித்த கிழவன் என்று நான் கணவரிடம் சொன்னேன்.

டிசம்பரில் ஹென்டர்சனில் மண்டபம் எடுத்துப் பாராட்டு விழா வைத்தேன். கடிதம் இன்னும் வரவில்லை. வாக்கு இருக்கும்போது கடிதம் எதற்கு? மங்கள விளக்கு, வரவேற்புரை, பிரணவன் பந்தோடு நிற்கிற ஆளுயரப் பதாகை, ரோல்ஸ், பற்றிஸ், பாயசம். பொன்னாடை போர்த்த வதனி அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். அவவின் மகன் டனீடினில் மருத்துவம் படிக்கிறான் என்பதை ஐந்து வருஷமாகக் கோயில் வாசலில் கேட்டு வந்தவள் நான். இப்போது அவ கையாலேயே என் மகனுக்குப் பொன்னாடை. இதற்குத்தான் விழாவே. இப்போது ஒத்துக்கொள்ள வெட்கமில்லை.

விளக்கேற்றப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான் பாயசம் கிண்டிக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பிரணவன் வந்தான். கையில் போன் இருந்தது.

"அம்மா, கோச் போய்விட்டார். வேறு கல்லூரி இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்திருக்கிறது. புதுக் கோச் வேறு ஒரு உதைக்கிறவனைக் கொண்டுவருகிறார். எனக்கு இடம் இல்லை. காலையில்தான் மெசேஜ் வந்தது."

பிறகுதான் எல்லாம் விளங்கியது. அங்கே கோச்மார் நினைத்த நேரம் கல்லூரி மாறலாம். மாணவர்களும் மாறலாம். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெடியனைப் பழக்கி எடுப்பதைவிட, வேறு கல்லூரியில் நாலு வருஷம் உதைத்த தாடிக்காரனைக் காசு கொடுத்து இழுப்பது சுகம். பிள்ளைகள் காசு வாங்குவதில் எனக்குக் கோபம் இல்லை. எலும்பு முறிவது அவர்களுக்குத்தானே. வாயால் சொன்ன வாக்கை விட்டுப்போட்டு மூட்டை கட்டுகிற பெரிய மனிசர்களை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது; அவர் போன புது அணிக்குத்தான் அந்த அர்ச்சனை.

ஆனால் அந்த நிமிஷத்தில் நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவில்லை. வாசலை எட்டிப் பார்த்தேன்.

"சனம் வந்திட்டுது. விழா முடியட்டும். நீ வாயைத் திறக்காதை, மாலையை மட்டும் வாங்கு."

தாயாக நான் பேசியதில் ஆகக் கேவலமான வசனம் அது.

அவன் மேடையில் ஏறினான். மாலை விழுந்தது. மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் அவனைத் தமிழினத்தின் வலது கால் என்றார். (அவன் இடது காலால் உதைப்பவன்.) பிறகு கோச் முன்பு அனுப்பிவைத்த வாழ்த்துக் காணொளி பெரிய திரையில் ஓடியது. பல் தெரியச் சிரித்து, "பிரணவன் எங்கள் குடும்பம்" என்றார். மண்டபம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

ஏற்புரைக்கு ஒலிவாங்கியை அவனிடம் கொடுத்தார்கள். என் மகன் சபையில் தமிழ் பேசியது அந்த ஒரு நாள்தான்.

"எல்லாருக்கும் நன்றி. அந்தக் கோச் போயிட்டார். எனக்கு இடம் இல்லை. இண்டைக்குக் காலமைதான் தெரியும். ரோல்ஸ் நல்லா இருக்கு. சாப்பிட்டுப் போங்கோ."

பொய் சொல்ல அவனுக்குத் தமிழ் போதாது.

வதனி அக்கா பொன்னாடையை விரித்தபடி மேடையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "போர்த்துறதோ, விடுறதோ?" என்று கேட்டா. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே கேட்டது. கடைசியில் அவ போர்த்திவிட்டு அவனைக் கட்டிப்பிடித்து அழுதா. நான் செய்திருக்க வேண்டியதை அவ செய்தா. அதற்காக அவவை இன்னும் முழுதாக மன்னிக்க முடியவில்லை.

அடுத்த நாளே வயதான கோச்சுக்கு எழுதினோம். மிகவும் வருந்துகிறேன், இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்து வாக்குச் சொல்லிவிட்டேன், மாற்ற முடியாது என்றார். என் பரம்பரைக் கொள்கையைக் கடைப்பிடித்த ஒரே அமெரிக்கரை நான்தான் விரட்டியிருக்கிறேன்.

பிரணவன் இங்கேயே படிக்கிறான். பந்தைத் தொடுவதில்லை. என்னைத் திட்டியதும் இல்லை. அதற்குப் பதிலாக வீட்டில் ஒரு பகிடி பிறந்தது. நாளைக்கு இடியப்பம் என்று நான் சொன்னால், "எழுத்தில் இருக்கிறதா?" என்பான். ஏழு மணிக்கு வந்து காரில் ஏற்றுகிறேன் என்றால், கணவரும் சேர்ந்து, "கையெழுத்துப் போட்டுத் தாரும்" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையை நானே நடித்துக் காட்டுவேன். சேலை, குத்துவிளக்கு, மேசைக்குக் கீழே விட்ட உதை எல்லாம் இருக்கும். குசினி வாசலில் நான் சொன்னது மட்டும் அந்த நடிப்பில் இருக்காது.

போன மாதம் அவன் ஒரு பெண்ணைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தான். மலேசியத் தமிழ்ப் பிள்ளை. இரண்டு வருஷமாகப் பழகுகிறார்களாம். பேச்சுவாக்கில் நான் வழக்கம்போலப் பாயசம் தருகிறேன் என்று சொல்ல, கணவர், "எழுத்தில இருக்கோ?" என்றார். நாங்கள் சிரித்தோம்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"ஆன்டி, இது இந்த வீட்டு ஜோக்கா? நான் லவ் பண்றேன்னு சொன்னாக்கூட இவரு இதைத்தான் கேக்குறாரு. முதல்ல நானும் சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரல ஆன்டி. ஏன் இப்படிக் கேக்குறாரு?"

சொல்ல வேண்டியவள் நான்தான். எழும்பிப்போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, இதுவரை யாருக்கும் நடித்துக் காட்டாத அந்தப் பத்து நிமிஷத்தை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.