மூன்று பேர் கொடுத்த ஒரே மாத்திரை

ஒரு வேலையை யாருமே செய்யாவிட்டால் அது சோம்பேறித்தனம். அதையே மூன்று பேர் செய்தால் அதற்குப் பெயர் குழு ஒற்றுமை என்பார் எங்கள் மேலாளர். அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்றும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

திருவொற்றியூரில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் நான், ஷமீம், குமரேசன் மூவரும் வேலை பார்க்கிறோம். எண்ணூர்க் குப்பத்து அந்தோணி நைனாவுக்குச் சர்க்கரை வியாதி என்று புதிதாகக் கண்டுபிடித்து, டிஸ்சார்ஜ் எழுதிய நாள் அது. வீட்டுக்குப் போகிறவரைக் காக்க வைக்காதீர்கள், யார் சும்மா இருந்தாலும் மருந்து கொடுத்து விளக்குங்கள் என்று மேலாளர் அன்று காலைதான் உத்தரவிட்டிருந்தார். (எங்கள் கெட்ட நேரம், மூவருமே சும்மா இருந்தோம்.) நைனாவை அழைத்துப் போகக் குப்பத்து வழக்கப்படி ஒரு வண்டி நிறைய ஜனம் வந்திருந்தது. மனைவி மேரியம்மா சீட்டை நீட்டினார், நான் கொடுத்தேன். மருமகன் அதே சீட்டைச் செல்போனில் காட்டினார், ஷமீம் கொடுத்தாள். வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தார். குமரேசன் கட்டிலுக்கே கொண்டு போய்க் கொடுத்தான். மருந்து ஒன்றுதான். ஸ்டாக் தீரத் தீர எடுத்ததில் மூன்று கம்பெனி, மூன்று பெயர், மூன்று நிறம்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது, நைனாவுக்கு எவ்வளவு பொறுமையாக விளக்கினேன் தெரியுமா என்று பீற்றிக்கொண்டேன்.

"நீ எப்போ குடுத்தே? நான்ல குடுத்தேன்" என்றாள் ஷமீம்.

குமரேசன் கடித்த பஜ்ஜியை மெல்லாமல் எங்களையே பார்த்தான். போன் போட்டோம், யாரும் எடுக்கவில்லை. ஒரே ஸ்கூட்டரில் மூவரும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூருக்குப் பறந்தோம்.

நைனா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். மூன்றையும் முழுங்கியாகிவிட்டது. "ஒடம்பெல்லாம் ஒதறிகினு கீதும்மா" என்றார். கையைப் பிடித்தேன்; ஜில்லென்று இருந்தது. ஒரு மனிதரைக் கொன்றேவிட்டோம் என்று நினைத்தேன்.

ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது, சர்க்கரை கொண்டு வாருங்கள் என்று கத்தினேன். மேரியம்மா நகரவில்லை.

"இன்னாம்மா, வூட்ல ஒரு பொட்டு சர்க்கரை இருக்கக் கூடாதுன்னு மூணு பேரும் தனித்தனியா சொன்னீங்களே. எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டேன்."

பெட்டிக்கடைக்கு ஓடினேன். நைனாவுக்கு இனிப்பு கேட்டு யார் வந்தாலும் தரக் கூடாது என்று அங்கேயும் மேரியம்மா சொல்லி வைத்திருந்தார். (அதையும் நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம்.) கடைக்காரர் அசையவில்லை. எனக்குத்தான், எனக்குத்தான் என்று அழுதுகொண்டே மாம்பழ ஜூஸைப் பிடுங்கி வந்து நைனாவுக்குப் புகட்டினேன். பிறகு ஆட்டோவில் ஏற்றி, காலையில் வழியனுப்பிய அதே கட்டிலில் படுக்க வைத்தோம். குளுக்கோஸ் ஏறி அவர் எங்களை அடையாளம் கண்டு முறைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இன்றும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருவார். நான் நீட்டினால் உடனே வாங்க மாட்டார். உள்ளே எட்டிப் பார்த்து, "மத்த ரெண்டு பேரும் கையைக் காட்டுங்கோ" என்பார். ஷமீமும் குமரேசனும் வெறும் கையைத் தூக்கிக் காட்டினால்தான் வாங்குவார்.